கிருமி செத்துப்போச்சு, ஆள் ஏன் தேறல?

டாக்டரம்மா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஆறு தாள், இரண்டு பக்கமும் எழுதியது. அதற்குள் மடித்து வைத்த ஒரு துண்டுச் சீட்டு, வேறு கையெழுத்தில். சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இதழில் இடம் முழுக்க மூளைக்காய்ச்சலுக்கே போய்விட்டது.

*

டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு வயது 46. வியாசர்பாடியில் லேத் பட்டறை. மாடியில் முப்பது ஜோடி ஹோமர் புறா வளர்க்கிறார். மூச்சிரைப்பு என்று இரண்டு வருடமாக மருந்துக் கடையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அது ஸ்டீராய்டு என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் தீராத தலைவலி, பிறகு வாந்தி. முதுகில் தண்ணீர் எடுத்துப் பார்த்து, மூளையில் பூஞ்சைக் காய்ச்சல், பெயர் கிரிப்டோகாக்கஸ் என்றார்கள். எச்.ஐ.வி. இல்லை. ஐந்து வாரம் டிரிப்பில் மருந்து ஏற்றி, கிருமி செத்துவிட்டது என்று சொல்லி, ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாகத்தான் இருந்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி தலைவலி. இடது காது மந்தம். நடந்தால் தள்ளாடுகிறார். ஒவ்வொரு புறாவின் கால் வளையத்து நம்பரையும் பார்க்காமலே சொல்கிற மனுஷன், இப்போது பையன் பெயரையே மாற்றிக் கூப்பிடுகிறார். திரும்பவும் சேர்த்தோம். முதுகுத் தண்ணீரின் அழுத்தம் 34 என்றார்கள். பத்து நாள் வைத்திருந்தும் பூஞ்சை வளரவில்லையாம், மூளையைச் சுற்றி வீக்கம் மட்டும்தானாம். அதற்கு ஸ்டீராய்டு ஏற்றப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். என் அண்ணன் குதிக்கிறார்: "அந்த மாத்திரையைத் தின்னதாலதான் நோயே வந்துச்சுன்னு இவங்களே சொன்னாங்க. இப்ப இவங்களே அதைப் பாட்டில் பாட்டிலா ஏத்துறேன்றாங்க. இன்னாம்மா கணக்கு இது?" எனக்கும் புரியவில்லை. முதல் தடவை அரைகுறையாகப் பார்த்து அனுப்பிவிட்டார்களா? முதுகில் இத்தனை முறை தண்ணீர் எடுத்தால் இடுப்பு போய்விடாதா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு வரியில் தனியாகப் பதில் போட்டேன். கையெழுத்துப் போடுங்கள், போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள் என்று. அந்த மூன்றும் ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் அண்ணன் போன்றவர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு, அவர்களுக்கும் சேர்த்து.

முதலில் உங்கள் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

இந்தப் பூஞ்சை மற்றக் கிருமிகளைப் போல அம்மணமாக வருவதில்லை. தன் உடம்பைச் சுற்றிப் பசை போல ஒரு தடித்த உறையைப் போர்த்திக்கொண்டு வரும். முதுகுத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கறுப்பு மையில் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், இருட்டுக்கு நடுவே நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போலத் தெரியும். மருத்துவம் படிக்கும்போது முதன்முதலாக அதைப் பார்த்து "எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொல்லி ப்ரொபசரிடம் திட்டு வாங்கியவள் நான். அந்தக் கோட்டைதான் இங்கே வினை. மருந்து பூஞ்சையைக் கொன்றுவிடும். கோட்டை உடனே கரையாது. செத்த பூஞ்சையும் அதன் உறைத் துணுக்குகளும் மூளையைச் சுற்றியுள்ள நீரில் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

உடம்பின் காவல் படைக்கு உயிருள்ளது எது, செத்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சந்தில் திருடன் செத்துக் கிடக்கிறான், தெருவே கம்பெடுத்துக்கொண்டு அவனை அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி அவனுக்குப் படுவதில்லை. இரண்டு பக்கத்து வீட்டுக் கண்ணாடியும் கதவும்தான் உடைகின்றன. உங்கள் வீட்டுக்காரரின் காதுக்குப் போகும் நரம்பு அந்தச் சந்தில்தான் இருக்கிறது. கண் நரம்பும் அங்கேதான்.

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆராய்ச்சியாளர்கள் எச்.ஐ.வி. இல்லாத, இதே பூஞ்சை வந்த நோயாளிகளின் முதுகுத் தண்ணீரை ஆராய்ந்து 2015ல் எழுதினார்கள். கல்ச்சரில், அதாவது லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், பூஞ்சை வளரவே இல்லை. ஆனால் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அந்தத் தண்ணீரில் ஏராளம், நரம்பு இழை சிதையும்போது கசியும் புரதமும் கூடுதல். அதாவது கிருமி போன பிறகும் சேதம் நடந்துகொண்டிருந்தது. சண்டையை மூட்டுகிற செல்கள் முழு வேகத்தில் இருந்தன. குப்பையை விழுங்கி அப்புறப்படுத்த வேண்டிய செல்கள் சரியாக வேலை செய்யவில்லை. தொற்றுக்குப் பிந்தைய அழற்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னால் அதே குழுவினர் இப்படிப்பட்ட 15 பேருக்கு, பூஞ்சை மருந்தை நிறுத்தாமல், தினம் ஒரு கிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு வாரம் ஏற்றி, அப்புறம் மாத்திரையாக மாற்றி மெல்ல மெல்லக் குறைத்தார்கள். அழுத்தம் இறங்கியது, நினைவும் தெளிந்தது. 15 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இந்த நோயே ஆயிரக்கணக்கில் ஒரே இடத்துக்கு வருகிற நோய் அல்ல.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. 2003 வாக்கில் வடசென்னையில் ஒரு வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் பையன், 24 வயது. இதே பூஞ்சை, இதே மருந்து. தேறிப் போனவன் ஐந்தாவது வாரம் திரும்பி வந்தான், பார்வை மங்கி. நான் அவன் அம்மாவைப் பார்த்து வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "மாத்திரையை ஒழுங்காக் குடுக்கலையா? மறுபடி பூஞ்சை வந்திருக்கு பாருங்க!" அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தார். அத்தனையும் காலி மாத்திரை அட்டை. எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. அப்போதும் என் புத்திக்கு எட்டியது, மருந்துக்கு அடங்காத பூஞ்சை என்பதுதான். ஏற்றும்போதே குளிர்நடுக்கம் வரவைக்கும் அதே டிரிப் மருந்தை இன்னும் நான்கு வாரம் ஏற்றினோம். சிறுநீரகம் அடிவாங்கியது. பையன் பிழைத்தான், பார்வை திரும்பவில்லை. அந்த நாளில் இதற்குப் பெயர் இல்லை என்று இப்போது சொல்லலாம். அட்டைகளை எண்ணி முடித்த பிறகாவது நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதனால் உங்கள் மருத்துவர்கள் முதல் தடவை அரைகுறையாகப் பார்த்தார்களா என்ற கேள்விக்கு, உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்து என் பதில்: அப்படித் தெரியவில்லை. எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு டிரிப் மருந்து நான்கு முதல் ஆறு வாரம் என்பதுதான் வழக்கம். மீண்டும் சேர்த்ததும் அவர்கள் தண்ணீரை எடுத்துப் பத்து நாள் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நான் 2003ல் அந்தப் பத்து நாளைப் பொருட்படுத்தவில்லை.

இனி உங்கள் அண்ணன் கணக்கு. வெள்ளை மாத்திரை இரண்டு வருடம் உடம்பின் காவலைத் தூங்க வைத்தது. பூஞ்சை நுழைந்தது. ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையைக் குறைத்திருப்பார்கள் (இரண்டு வருடம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்த முடியாது, உடம்பு தானாக அந்தச் சுரப்பைச் செய்வதையே மறந்திருக்கும், திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்). மருந்து பூஞ்சையைக் கொன்றது. அதே நேரத்தில் தூங்கின காவல் விழித்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் ஊரெல்லாம் எதிரியின் பிணம். ஆகவே அன்று அந்த மாத்திரை தப்பு, இன்று அதே மருந்து தேவை. அன்று பூஞ்சை உயிரோடு இருந்தது, அதை எதிர்க்க மருந்தும் உள்ளே இல்லை. இன்று பூஞ்சை இல்லை, மருந்து இருக்கிறது. 2021ல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு ஏறிய பிறகு கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்களை நம் தெருக்களிலேயே பார்த்தோம். அந்தப் பயம் உங்கள் அண்ணனுக்கு இருப்பதில் தப்பே இல்லை. அதற்காகத்தான் அந்த மூன்று கேள்வி.

கல்ச்சர் முடிவு கடைசி முடிவுதானா, இன்னும் வளரக் காத்திருக்கிறதா? இது ஒன்று. உயிருள்ள பூஞ்சை இருக்கும்போது ஸ்டீராய்டை ஏற்றினால் பழைய கதைதான். ஃப்ளூகோனசோல் தொடருமா? தொடர வேண்டும்; ஸ்டீராய்டு ஓடும் காலம் முழுக்க, அதற்கு அப்புறமும். மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் அந்த மாத்திரை இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, சர்க்கரை, டி.பி., குடல் புழு பார்த்தாச்சா? நம் ஊர் மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் குடலில் நூல் போல ஒரு புழு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஸ்டீராய்டு ஏறினால் அது உடம்பெங்கும் கிளம்பிவிடும். ஒன்றிரண்டு வேளை ஐவர்மெக்டின் மாத்திரையில் முடிகிற விஷயம், கேட்டுவிடுங்கள். அவருக்குச் சர்க்கரை மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஃப்ளூகோனசோல் அந்த மருந்துகளை உடம்பிலேயே தேங்க வைக்கும். சர்க்கரை திடீரென இறங்கிப் படுத்துவிடுவார், நீங்கள் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்த முறை மாத்திரையைக் குறைப்பது மாதக்கணக்கில் நடக்கும். முகம் உப்பும், பசி எடுக்கும், தூக்கம் கெடும், கோபம் வரும். பாதியில் "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவராக நிறுத்துவார். மருந்துக் கடையில் தானே வாங்கிப் பழகினவர் அல்லவா, நிறுத்தவும் தானே நிறுத்துவார். மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.

முதுகுத் தண்ணீர் விஷயம். "முதுகுல தண்ணி எடுத்தா இடுப்பு போயிடும்" என்ற பேச்சை நான் எம்.சி. ரோட்டுப் புடவைக் கடை வாசலிலும் கேட்டிருக்கிறேன், படித்த வக்கீல் வாயிலும் கேட்டிருக்கிறேன். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி போகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்நேரமும் இருப்பது ஏறக்குறைய 150 மில்லி. ஒரு நாளில் புதிதாக ஊறுவது அரை லிட்டர். எடுக்கிற 20, 30 மில்லி சில மணி நேரத்தில் ஊறிவிடும். ஊசியில் ஒரு குழாயைச் செங்குத்தாக மாட்டித் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் அந்த "அழுத்தம்". 20 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு 34. பையனின் பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்திவைத்துப் பாருங்கள், அதையும் தாண்டி நான்கு சென்டிமீட்டர். தண்ணீர் வடியும் வாய்க்கால்களைப் பூஞ்சையின் பசையும் வீக்கமும் அடைத்துவிட்டதால் உள்ளே தேங்குகிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதையைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைப்பு விலகும்வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் எடுக்க வேண்டி வந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்த அன்று தலைவலி சட்டென்று குறைவதை அவரே சொல்வார். அப்படியும் தேங்கிக்கொண்டே இருந்தால், தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். அதற்கும் பயப்படாதீர்கள். கண்ணைக் காப்பாற்றுகிற குழாய் அது.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் காலையில் அவரிடம் ஐந்து புறாவின் வளைய நம்பரைக் கேட்டு எழுதுங்கள். சரியா தப்பா என்று டிக் அடியுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "கொஞ்சம் பரவால்ல" என்று சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டுவது ஆயிரம் மடங்கு மேல். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நம்பர்கள் தப்ப ஆரம்பித்தால், அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்காதீர்கள். வாந்தி, இரட்டையாகத் தெரிவது, எழுப்பினால் எழாத தூக்கம், இதெல்லாம் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

*

எனக்கு 29 வயது. மூளையில் பூஞ்சை என்று சேர்ந்தபோதுதான் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரிந்தது. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை உடனே தராமல் ஐந்து வாரம் காக்க வைத்தார்கள். ஆரம்பித்த ஆறாவது வாரத்தில் மறுபடி தலைவலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்திவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

தம்பி, நிறுத்தாதே. இதைப் படித்ததும் நாளைக் காலை உன் ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போ.

காக்க வைத்தது உன் உயிருக்காக. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வு 2014ல் வெளியானது. பூஞ்சை மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் ஒரு பாதிக்கு ஓரிரு வாரத்திலேயே ஏ.ஆர்.டி. கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஐந்து வாரம் கழித்து. ஆறு மாதத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 55, இரண்டாவதில் 70. எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் திரும்புவது நல்லதுதானே என்று நினைத்திருந்த எங்களுக்கெல்லாம் அது ஒரு அறை.

உன் உடம்பில் இப்போது சக்தி திரும்பிக்கொண்டிருக்கிறது. மேலே வியாசர்பாடி அம்மாவுக்கு எழுதியதைப் படி. ஏறக்குறைய அதே சண்டைதான் உனக்கும். ஆனால் உன்னை நேரில் பார்க்காமல் அதுதான் என்று சொல்ல மாட்டேன். கழுத்து நெறியில் டி.பி. ஒளிந்திருக்கலாம், பூஞ்சையே முழுசாகச் சாகாமல் இருக்கலாம். முதுகுத் தண்ணீரும் கழுத்து நெறியில் ஊசிச் சோதனையும் பார்த்தால்தான் தெரியும்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஸ்டீராய்டு சரி என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு நீயும் கேட்காதே. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பூஞ்சைச் சிகிச்சையின் ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்தது. 451 பேர் சேர்ந்த நிலையில் பாதியில் நிறுத்தினார்கள், 2016ல் வெளியானது. உயிர் பிழைப்பதில் லாபமில்லை, முடங்கிப்போனவர்கள் கூடுதல், பூஞ்சை சாவதும் மெதுவானது. டி.பி. மூளைக்காய்ச்சலில் உயிரைக் காக்கிற அதே மருந்துதான் இங்கே கெடுத்தது. உனக்கு வந்திருப்பது அழற்சிதான் என்று நிச்சயமாகி, அதுவும் கடுமையாக இருந்தால் கொடுப்பார்கள். முடிவு அவர்களுடையது.

ஒன்று சொல்கிறேன். 1986ல் இந்தியாவில் முதன்முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது இதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2004 ஏப்ரலில்தான் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. நடுவில் உள்ள பதினெட்டு வருடத்தில் உன் வயதுப் பையன்கள் பலர் இந்த அழற்சி வருகிற அளவுக்குக்கூட உயிரோடு இருக்கவில்லை. உனக்கு வந்திருப்பது தேறுகிறவனுக்கு வருகிற தொந்தரவு. மாத்திரையை நிறுத்தாதே.

*

என் அம்மாவுக்குப் பூஞ்சைக் காய்ச்சல் வந்து ஏழு மாதம். நன்றாகச் சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார். ஆனால் ரத்தத்தில் பூஞ்சை ஆன்டிஜன் இன்னும் பாசிட்டிவ். மாதாமாதம் தனியார் லேபில் பார்க்கிறோம். மருந்தைக் கூட்டச் சொல்ல வேண்டுமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

மாதாமாதம் பார்ப்பதை நிறுத்துங்கள். அந்தச் சோதனை தேடுவது பூஞ்சையின் உறைத் துணுக்கை. செத்ததன் உறையும் பாசிட்டிவ்தான் காட்டும், மாதக்கணக்கில் காட்டும். நோய் இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடிக்க அது மிக நல்ல சோதனை; போய்விட்டதா என்று பார்க்க உதவாது. அம்மா சமைக்கிறார் என்பது அதைவிட நல்ல ரிப்போர்ட். குழம்பில் உப்பு இரண்டு முறை விழ ஆரம்பித்தால் எனக்கு எழுதாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

*

எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி என்றே எழுதுகிறீர்களே, நிலவேம்பு கஷாயத்தில் மூளைப் பூஞ்சை குணமாகாதா?
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

ஆகாது.

*

கடைசியாக அந்தத் துண்டுச் சீட்டு. வியாசர்பாடிக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் வைத்தது போலிருக்கிறது.

டாக்டர் ஆன்ட்டி, நான் ஒன்பதாவது படிக்கிறேன். எங்க மாமா எல்லாப் புறாவையும் வித்துடணும், இல்லன்னா கறிக்குப் போட்டுடணும்னு சொல்றார். அப்பாவுக்குப் புறாவாலதான் வந்துச்சாம். 2212ன்னு ஒரு புறா அப்பாவோட ஃபேவரிட். போன வருஷம் ரேஸ்ல எல்லாப் புறாவுக்கும் முன்னாடி வந்துச்சு. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்தா கேப்பார். அப்பாகிட்ட இருந்து எனக்கும் தங்கச்சிக்கும் ஒட்டிக்குமா?

கண்ணா, ஒட்டாது. இந்தப் பூஞ்சை அப்பாவிடமிருந்து உனக்கு வராது. பக்கத்தில் உட்காரலாம், அவர் தட்டில் சாப்பிடலாம்.

காய்ந்த புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை வளரும் என்பது உண்மை. ஆனால் மண்ணிலும் மரப் பொந்திலும்கூட இருக்கும். நம்மில் பலர் அதை எப்போதாவது மூச்சில் இழுத்திருப்போம், ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 2212தான் கொண்டுவந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த வெள்ளை மாத்திரை இல்லாமலிருந்தால் அப்பா உடம்பே அதைத் துரத்தியிருக்கவும் கூடும்.

மாமாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. கறிக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் அப்பா மாத்திரை சாப்பிடும் காலம் முழுக்க மாடிக் கூண்டுப் பக்கமே போகக் கூடாது. இந்த வருஷப் பந்தயம் அவருக்குக் கிடையாது. முப்பது ஜோடியும் உங்கள் வீட்டு மாடியில் இருக்க வேண்டாம். அப்பாவின் கூட்டாளிகளில் யாராவது ஒருவர் வீட்டில் அவர் தேறும்வரை விடச் சொல். ஹோமர் புறா தானாக உங்கள் மாடிக்கே திரும்பி வரும் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். அங்கே கூண்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்.

காலிக் கூண்டை நீ கழுவாதே. அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மாமா கழுவட்டும். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும், அதுதான் ஆபத்து. முதலில் நன்றாகத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, அப்புறம் சுரண்டி, ஈரமாகவே பையில் கட்டிப் போட வேண்டும். மூக்கை மூடும் நல்ல மாஸ்க், கையுறை. அவ்வளவுதான்.

உனக்கு வேறு வேலை இருக்கிறது. அம்மாவிடம் ஒரு நோட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். முப்பது ஜோடியின் வளைய நம்பரையும் நீ முதலில் பார்த்து எழுதிவை, சரியான விடை யாரிடமாவது இருக்க வேண்டுமல்லவா? 2212ஐ முதல் நாளே கேட்டுவிடாதே. அதை அவர் எப்படியும் சொல்லிவிடுவார்.